கல்லாப்பெட்டியும் கைப்பேசியும்: சமூக ஊடகத்தில் சிறுவணிகர் இடறும் இடங்கள்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை தறிச்சத்தத்தோடு விடியும் ஊர். இன்று அந்தச் சத்தத்தோடு வேறொரு குரலும் சேர்ந்து கேட்கிறது. கடையின் மாடியிலோ வீட்டு முன்னறையிலோ வட்ட விளக்கு எரிகிறது. தாங்கியில் கைப்பேசி நிற்கிறது. ஒரு பெண் சேலையை விரித்துப் பிடித்து, உடல் நிறம், பார்டர், முந்தி, பிளவுஸ் துணி என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசிக்கொண்டே போகிறார். மொத்த வியாபாரி வந்து விலை கேட்கும் நாளுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் இப்போது எங்கோ இருக்கும் வாடிக்கையாளருக்கு நேரடியாகச் சேலை அனுப்புகின்றன. திருப்பூர் பனியனும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் மணப்பாறை முறுக்கும் வீட்டில் இடித்த மசாலாப் பொடியும் இதே வழியில் பயணம் போகின்றன.

இடைத்தரகர் இல்லாமல், கடை வாடகை இல்லாமல், பெரிய முதலீடு இல்லாமல் விற்க முடிகிறது என்பது சிறு உற்பத்தியாளருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. வீட்டை விட்டு வெளியே போய்த் தொழில் நடத்த முடியாத பெண்களுக்கு அது இன்னும் பெரிது. ஆனாலும் இந்தக் கதவைத் திறந்து உள்ளே வந்தவர்களில் பலர் கொஞ்ச காலத்திலேயே சோர்ந்துபோவதைப் பார்க்கிறோம். “தினமும் பதிவு போட்டோம், ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள், விற்பனைதான் இல்லை” என்பது அவர்கள் எல்லோரும் சொல்லும் குறை.

அவர்கள் செய்யும் தவறுகளை வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தொழில்நுட்பம் தெரியாததால் வரும் தவறுகள் குறைவு. கடை நடத்தும் நெறியை மறந்ததால் வருபவையே அதிகம். வந்தவரை உடனே கவனிப்பது, விலையை மறைக்காமல் சொல்வது, சரக்கை உள்ளபடி காட்டுவது, குறை சொல்லித் திரும்பி வந்தவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவது, இரவில் கல்லாவை எண்ணிக் கணக்கு எழுதுவது ஆகியவை தெருமுனைப் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த நெறிகள். கடை கைப்பேசிக்குள் போனதும் இவை கைநழுவிப் போகின்றன.

வாடகை இடத்தில் கட்டிய வீடு

ஃபேஸ்புக் நிறுவனம் வணிகர்களுக்கான பக்கங்களை 2007ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியது. பக்கம் திறப்பது இலவசம். அதை விரும்பியவர்களில் கணிசமானோருக்குப் பதிவுகள் போய்ச் சேர்ந்தன. இந்த நிலை நீடிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனப் பக்கங்களை ஆராய்ந்த ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் குழு, ஒரு பக்கத்தின் பதிவு பணம் செலுத்தாமல் சென்றடையும் அளவு 2013 அக்டோபரில் 12 சதவீதமாக இருந்து, 2014 பிப்ரவரியில் 6 சதவீதமாகக் குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. அதாவது நூறு பேர் விரும்பிய பக்கத்தில் போட்ட பதிவை ஆறு பேரே பார்த்தார்கள். 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று ஃபேஸ்புக் அறிவித்தபோது வணிகப் பக்கங்கள் மேலும் பின்னுக்குப் போயின.

இந்தியாவில் இதைவிடக் கடுமையான பாடம் 2020 ஜூன் 29 அன்று வந்தது. டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை ஒன்றிய அரசு தடைசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை விதித்து, சில வாரங்களில் விலக்கிக்கொண்டிருந்தது. அந்த எச்சரிக்கையைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது தடை வந்தபோது அங்கே ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பின்தொடர்வோர் ஒரே இரவில் இல்லாமல் போனார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணிநேரம் உலகம் முழுக்க முடங்கின. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், மூன்று இடத்தில் கடை வைத்திருப்பதாக நினைத்தவர்களுக்கு அன்று ஒரு கடைகூட இல்லை.

முதல் தவறு இங்கிருந்து தொடங்குகிறது. பின்தொடர்வோர் தம்முடையவர்கள் என்று வணிகர் நம்பிவிடுகிறார். அவர்கள் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர்கள். தளம் தன் விதியை மாற்றினால், கணக்கை முடக்கினால், அல்லது தளமே மூடப்பட்டால் அவர்களைத் திரும்ப அழைக்க வழியில்லை. ஒருமுறை வாங்கியவரின் பெயர், தொலைபேசி எண், ஊர், வாங்கிய பொருள், தேதி ஆகியவற்றை அவருடைய சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதிவைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அந்த நோட்டுதான் கடையின் சொத்து. அதில் இருக்கும் இருநூறு பெயர், இருபதாயிரம் பின்தொடர்வோரைவிட மதிப்பு மிக்கது.

வாட்ஸ்அப்பின் ஒரு விதி இதைத் தெளிவாகக் காட்டும். அதன் ஒலிபரப்புப் பட்டியல் வழியாக ஒரே நேரத்தில் 256 பேர் வரை செய்தி அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பெயரிட்டுச் சேமித்துவைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதாவது அவர் உங்களை ஒரு கடையாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். எண்களை எங்கிருந்தோ வாங்கி, முன்பின் அறியாதவர்களைக் குழுக்களில் சேர்த்து, காலையும் மாலையும் படம் அனுப்புகிறவர் இந்த ஏற்பைப் பெறவே முடியாது. எண்ணைத் தடைசெய்பவர்களும் புகார் அளிப்பவர்களும் கூடும்போது வாட்ஸ்அப் அந்தக் கணக்கையே முடக்கிவிடும்.

லைக் எண்ணிக்கையும் இரவுக் கணக்கும்

இரண்டாவது தவறு, எண்ண வேண்டியதை விட்டு வேறொன்றை எண்ணுவது. பார்வை, லைக், பின்தொடர்வோர் ஆகிய மூன்று எண்களும் திரையில் எப்போதும் கண்ணில் படும்படி இருக்கின்றன. ஆகவே அவையே வெற்றியின் அளவுகோல் என்று மனம் பழகிவிடுகிறது.

ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த லெஸ்லி ஜானும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. ஒரு நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை விரும்பச் செய்வதால் ஒருவர் அதன் பொருளை அதிகம் வாங்குகிறாரா என்று பல சோதனைகளின் வழியே பார்த்தார்கள். லைக் போடுவது மட்டுமே வாங்கும் பழக்கத்தை மாற்றுவதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. லைக் போட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம் வாங்குவது உண்மைதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே அந்தப் பொருளை விரும்பியதால்தான் லைக் போட்டிருக்கிறார்கள். காரணத்தையும் விளைவையும் நாம் இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறோம்.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பிழையிலிருந்து தப்பவில்லை. ஈபே நிறுவனம் தன் பெயரையே தேடுவோருக்குத் தேடுபொறியில் காட்டிவந்த விளம்பரங்களை 2012இல் சோதனைக்காக நிறுத்திப் பார்த்தது. அந்த விளம்பரங்கள் வழியே வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர் விளம்பரம் இல்லாமலே, கீழே இருந்த இலவச இணைப்பைச் சொடுக்கி வந்துசேர்ந்தார்கள். எப்படியும் வரப்போகிறவரை அழைத்துவரத்தான் அத்தனை காலமும் பணம் போயிருக்கிறது. பொருளியல் அறிஞர்களைப் பணியில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ஆளுக்கொரு ஆலோசனை சொல்லும் சூழலில் ஒரு சிறுவணிகர் ஏமாறுவதில் வியப்பில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 700 ரூபாய்க்குச் சேலை விற்கிறார். அடக்கவிலை, கூரியர், பை, அட்டை எல்லாம் போக 150 ரூபாய் நிற்கிறது. ஒரு ரீல்ஸுக்கு 1,000 ரூபாய் கட்டி பூஸ்ட் போடுகிறார். இருபதாயிரம் பேர் பார்க்கிறார்கள், நாற்பது பேர் விலை கேட்கிறார்கள், நான்கு பேர் வாங்குகிறார்கள். லாபம் 600 ரூபாய், விளம்பரச் செலவு 1,000 ரூபாய். இருபதாயிரம் பார்வை கிடைத்த மகிழ்ச்சியில் 400 ரூபாய் நட்டம் கண்ணில் படுவதில்லை. அதே நான்கு பேரில் இருவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திரும்ப வந்து இரண்டிரண்டு சேலை எடுத்தால் கணக்கு லாபமாக மாறிவிடும். அதற்கு அந்த இருவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். விளம்பரம் லாபமா நட்டமா என்பதை முடிவு செய்வது மறுபடி வரும் வாடிக்கை. அந்த எண்ணை எந்தத் தளமும் நமக்கு எழுதிக் காட்டாது. நாமே எழுத வேண்டும்.

பூஸ்ட் பொத்தானிலும் ஒரு சிக்கல் உண்டு. எதற்காக விளம்பரம் என்று தளம் கேட்கும் இடத்தில் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். லைக் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் லைக் போடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடிக் காட்டும். செய்தி அனுப்புவோர் வேண்டும் என்றால் அப்படிப்பட்டவர்களைத் தேடும். மதுரை அண்ணா நகரில் மாவு விற்பவர் தமிழ்நாடு முழுக்க விளம்பரம் காட்டினால், தருமபுரியில் இருப்பவர் பார்த்து ரசிப்பதற்கும் சேர்த்துப் பணம் போகும். அவருக்கு வேண்டியது ஐந்து கிலோமீட்டர் சுற்றளவும், கூகுள் வரைபடத்தில் சரியாகப் பதிந்த முகவரியும், திறந்திருக்கும் நேரமும்தான். கூகுள் வணிகப் பக்கம் இலவசம். பக்கத்துத் தெருவில் மாவு தேடுகிறவர் கையில் பணத்தோடு தேடுகிறார். அந்தப் பக்கத்தைச் சீராக்காமல் ரீல்ஸுக்குப் பணம் கட்டுவது, வாசலை அடைத்துவைத்துவிட்டு ஊருக்கெல்லாம் துண்டுச்சீட்டு கொடுப்பதற்குச் சமம்.

பின்தொடர்வோரை விலைக்கு வாங்குவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு. “ஆயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் ஃபாலோயர்” என்று அழைப்பு வரும். வருபவை பெரும்பாலும் போலிக் கணக்குகள். பதிவு போட்டதும் இந்தக் கூட்டத்திடமிருந்து எந்த அசைவும் இருக்காது. யாரும் கண்டுகொள்ளாத பதிவு என்று தளத்தின் கணிப்பு அதை ஒதுக்கும். உண்மையான வாடிக்கையாளருக்கும் அது போய்ச் சேராது. பணம் கொடுத்து நம் கடைக்கு நாமே திரை போட்டுக்கொண்டதாக முடியும்.

“விலைக்கு டி.எம். பண்ணுங்க”

விலை தெரிய நேரடிச் செய்தி அனுப்பச் சொல்லும் இதுதான் தமிழ் இணையச் சந்தையில் அதிகம் காணும் வாசகமாக இருக்கும். விலையை வெளியே சொல்லாததற்கு வணிகர்களிடம் காரணங்கள் இருக்கின்றன. போட்டியாளர் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துவிடுவார். கருத்துப் பகுதியில் கேள்வி கூடினால் பதிவு பலரைச் சென்றடையும். மொத்த வியாபாரியிடமிருந்து எடுத்து விற்கும் ரீசெல்லர்கள் ஆளுக்கொரு லாபம் வைப்பதால், விலை வெளியே தெரிந்தால் அவர்களுக்குச் சங்கடம். இந்தக் கடைசிக் காரணத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் வாங்குபவர் பக்கம் நின்று பார்க்க வேண்டும். இரவு வேலை முடித்து, பத்து நிமிட ஓய்வில் சேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குத் தன் கைக்கு எட்டும் விலையா என்று தெரிய வேண்டும். அதற்காக முன்பின் தெரியாத ஒருவருக்குச் செய்தி அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, கட்டுப்படியாகாவிட்டால் வேண்டாம் என்று சொல்லும் சங்கடத்தையும் அவர் ஏற்க வேண்டும். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. மின்வணிகத்தில் பொருளின் மொத்த விலை, அதில் அடங்கிய கட்டணங்கள், திருப்பி எடுக்கும் நிபந்தனைகள், பணம் திரும்பத் தரும் முறை ஆகியவற்றை வாங்கும் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. தொழிலாகத் தொடர்ந்து இணையத்தில் விற்பவர் இந்த எதிர்பார்ப்பை மனத்தில் கொண்டு விலையை எழுதிவிடுவதே நல்லது. கூரியர் கட்டணத்தையும் சேர்த்து எழுதினால் பாதிக் கேள்விகள் வராமலே போகும்.

கேள்வி கேட்டவருக்குத் தாமதமாகப் பதில் சொல்வது இதன் உடன்பிறந்த தவறு. ஜேம்ஸ் ஓல்ட்ராய்டும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இணையம் வழியே விசாரித்தவரை ஒரு மணிநேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களால், அதற்கும் ஒரு மணிநேரம் கழித்துத் தொடர்புகொண்டவற்றைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாக, வாங்கும் முடிவை எடுப்பவரோடு பயனுள்ள பேச்சைத் தொடங்க முடிந்தது. அவர்கள் சோதித்த 2,241 நிறுவனங்களில் பதிலே சொல்லாதவை 23 சதவீதம். அது வேறு நாடு, வேறு வகை வணிகம். ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். விசாரிக்கும் நேரத்தில் இருக்கும் ஆர்வம் மறுநாள் இருக்காது.

ஒற்றை ஆளாக நெய்து, மடித்து, பொட்டலம் கட்டி, கூரியருக்கு எடுத்துப்போகும் ஒருவரால் ஒவ்வொரு செய்திக்கும் உடனே பதில் சொல்ல முடியாதுதான். அதற்கென்றே 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல், தானாகப் போகும் வரவேற்புச் செய்தி, அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குச் சேமித்துவைத்த பதில்கள் ஆகிய வசதிகள் இலவசமாக உள்ளன. “மாலை 6 முதல் 8 வரை பதில் சொல்வோம்” என்று நேரத்தை எழுதிவைப்பதும் மரியாதையான பதில்தான். வாடிக்கையாளர் காத்திருப்பார். பதிலே இல்லாத மௌனத்தைத்தான் அவர் மன்னிப்பதில்லை.

இரவல் படமும் இல்லாத பெருமையும்

ஒரே சேலையின் ஒரே படம் ஐம்பது ரீசெல்லர்களின் பக்கங்களில் வருகிறது. யாரும் அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்ததில்லை. படத்தில் மாம்பழ மஞ்சள், வீட்டுக்கு வந்தது மஞ்சள்கிழங்கு நிறம். படத்தில் கனமான முந்தி, கையில் மெல்லிய துணி. வாங்கியவர் ஒருமுறை ஏமாந்தால் அந்தக் கடையை மட்டும் விடுவதில்லை, இணையத்தில் துணி எடுப்பதையே விட்டுவிடுகிறார். பகல் வெளிச்சத்தில், வடிகட்டி எதுவும் போடாமல், சொந்தக் கைப்பேசியில் எடுத்த சுமாரான படம் இதைவிட நூறு மடங்கு மேல். துணியைக் கசக்கிக் காட்டுவது, பின்பக்க நூலைக் காட்டுவது, உள்ள குறையைச் சொல்வது எல்லாம் சிறுவணிகரால் மட்டுமே செய்ய முடிந்த விளம்பரம்.

இதைவிடக் கடுமையானது பொருளின் தன்மையைப் பற்றிய பொய். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்றும், கலப்பு நூலைச் சுத்தப்பட்டு என்றும் எழுதுவது சாதாரணமாகிவிட்டது. குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985 முதல் இருக்கிறது. சுத்தப்பட்டை அடையாளம் காட்டும் சில்க் மார்க் முத்திரை 2004 முதலும், கைத்தறி முத்திரை 2006 முதலும் நடைமுறையில் உள்ளன. காஞ்சிபுரம் பட்டு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்பது சட்டப்படி தவறு. அதற்கு மேலாக, தறிக்குழியில் அமர்ந்து நெய்கிறவரின் கூலியைப் பறிப்பது. விசைத்தறிச் சேலைக்கும் நியாயமான சந்தை இருக்கிறது. உள்ளதைச் சொல்லியே விற்கலாம்.

உணவும் மூலிகையும் விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எண்ணைப் பெற்று, பொட்டலத்தில் அச்சிட வேண்டும். “இந்தக் கஞ்சிமாவு குடித்தால் சர்க்கரை நோய் குணமாகும்” என்று எழுதுவது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். அந்த வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அதன் விலை உயிர்.

பெரிய கடையைப் பார்த்துப் போட்ட சூடு

சிறுவணிகர் பலருக்கு விளம்பரம் என்றால் மனத்தில் வருவது பெரிய நகைக்கடையின், பெரிய துணிக்கடையின் விளம்பரம். அதே பாணியில் ஒவ்வொரு பண்டிகைக்கும் வாழ்த்து அட்டை, தலைவர்களின் பிறந்தநாள் அட்டை, மூலையில் கடையின் இலச்சினை என்று பக்கம் நிறைகிறது. மாதம் இத்தனை போஸ்டர் என்று பேசிப் பணம் வாங்கும் முகவர்களும் இதையே செய்து தருகிறார்கள். ஊரறிந்த நிறுவனத்துக்குப் பெயரை நினைவூட்டினால் போதும். ஊரறியாத கடையின் வாழ்த்து அட்டை யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

சிறுவணிகரிடம் பெரிய கடையிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. செய்கிற கை அவருடையது. செக்கில் எண்ணெய் இறங்கும் விதம், முறுக்குக்கு மாவு பதம் பார்க்கும் விரல், பாவு ஓட்டும்போது அறுந்த நூலை முடிச்சுப் போடும் வேகம், இந்த ஆண்டு நிலக்கடலை ஏன் விலை ஏறியது என்ற விளக்கம் ஆகியவற்றை எந்த விளம்பர நிறுவனமும் தயாரிக்க முடியாது. பேச்சுத் தமிழில், தன் வட்டார வழக்கில் சொன்னாலே போதும். வாங்குகிறவர் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதாமல், அரைகுறை ஆங்கிலத்தில் தலைப்பு வைப்பது நெருங்கி வந்தவரைத் தள்ளி நிறுத்துகிறது.

இன்ஃப்ளூயன்சர்களுக்குப் பணம் கொடுப்பதும் இந்த வரிசையில் வரும். லட்சம் பேர் பின்தொடர்ந்தாலும், அவர்கள் சிரிக்க வந்தவர்களா, சேலை வாங்க வருகிறவர்களா என்று பார்க்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. பணமோ இலவசப் பொருளோ பெற்றுப் பேசுகிறவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதை 2023 ஜனவரியில் வந்த விளக்கக் குறிப்பு தெளிவாக்கியது. மறைத்துப் பேசச் சொல்வது வணிகருக்கும் ஆபத்து. திரைப்படப் பாடலைப் பின்னணியில் போடுவதிலும் கவனம் வேண்டும். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி அனுமதி தேவை. இன்ஸ்டாகிராமே வணிகக் கணக்குகளுக்குப் பாடல்களைக் கட்டுப்படுத்துகிறது.

குறை சொல்லி வந்தவர்

கருத்துப் பகுதியில் ஒரு குறை வந்ததும் அதை அழித்துவிட்டு, எழுதியவரைத் தடைசெய்வது பலருடைய வழக்கம். கடை வாசலில் ஒருவர் நின்று குரல் உயர்த்தினால் எந்தக் கடைக்காரரும் கதவைச் சாத்த மாட்டார். உள்ளே அழைத்து உட்காரவைப்பார்.

ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011இல் எழுதிய கட்டுரை இங்கே முக்கியமானது. யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்ந்தது. அந்த விளைவு தனி உணவகங்களுக்கே ஏற்பட்டது, சங்கிலித்தொடர் உணவகங்களுக்கு ஏற்படவில்லை. பெயர் பெற்ற நிறுவனத்தை மக்கள் பெயரை வைத்து நம்புகிறார்கள். பெயர் தெரியாத சிறுகடையை இன்னொரு வாடிக்கையாளரின் சொல்லை வைத்து நம்புகிறார்கள். ஆகவே விமர்சனம் சிறுவணிகருக்கே அதிகம் தேவைப்படுகிறது. டாவிடே ப்ரோசெர்பியோவும் ஜார்ஜியோஸ் ஜெர்வாஸும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, விமர்சனங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கிய விடுதிகளின் மதிப்பீடு சற்றே உயர்ந்ததைக் காட்டியது. பதில் வரும் என்று தெரிந்தால், போகிறபோக்கில் பழி போடுவோர் குறைகிறார்கள்.

“பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் புகார் ஏற்கப்படாது” என்ற நிபந்தனையும் யோசிக்க வேண்டியது. ஏமாற்றும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதற்காக எல்லோரையும் சந்தேகத்தோடு வரவேற்பது சரியல்ல. பழகிய வாடிக்கையாளரிடம் ஒரு படம் கேட்டு, மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொடுத்தால் அவர் பத்துப் பேரிடம் சொல்வார்.

பூட்டு இல்லாத கடை

கடைசியாக, பாதுகாப்பு. பல கடைகளின் கணக்கு, முதலில் அதைத் திறந்து கொடுத்த உறவுக்காரப் பையனின் மின்னஞ்சலிலோ முகவரின் எண்ணிலோ இருக்கிறது. அவரோடு மனத்தாங்கல் வந்தால் கடையே கைவிட்டுப் போகும். கணக்கு உரிமையாளரின் பெயரிலும் எண்ணிலும் இருக்க வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். “காப்புரிமை மீறல், 24 மணிநேரத்தில் கணக்கு நீக்கப்படும்” என்று வரும் இணைப்பை அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்து ஏமாந்தவர்கள் ஏராளம். ராணுவ வீரர் என்று சொல்லி மொத்தமாக ஆர்டர் கொடுத்து, பணம் அனுப்புவதாகக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லும் மோசடி இன்னும் நடக்கிறது. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. இந்த ஒரு வரியைக் கடையில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

போலிகள் ஒரு தொழிலையே எப்படிக் கெடுக்கும் என்பதற்குச் சிவகாசி சாட்சி. மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடைசெய்தது. ஆனாலும் தீபாவளிக்கு முன் சிவகாசியின் பெயரைச் சொல்லிப் பாதி விலைக்குப் பட்டாசு என்ற விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் பெருகுகின்றன. பணம் கட்டியவருக்குப் பார்சல் வருவதில்லை. கெட்டுப்போவது உழைத்துச் சம்பாதித்த ஊரின் பெயர்.

நோட்டைத் திறங்கள்

இத்தனை தவறுகளுக்கும் பொறுப்பு சிறுவணிகர் தலையில் மட்டும் இல்லை. விதிகளைச் சொல்லாமல் மாற்றும் தளங்களும், லைக்கைக் காட்டிக் காசு பறிக்கும் முகவர்களும் இதில் பங்காளிகள். மாவட்டத் தொழில் மையங்களும் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகளும் தறிக்காரர் சங்கங்களும் ரீல்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுப்பதோடு நிற்காமல், விளம்பரச் செலவைக் கணக்குப் பார்க்கவும் சட்டத்தைப் புரிந்துகொள்ளவும் கற்றுத்தர வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு வணிகரும் தன்னளவில் செய்யக்கூடியது எளிது. வாடிக்கையாளர் அதிகம் புழங்கும் ஒரு தளத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரத்துக்கு இரண்டு உண்மையான பதிவு போதும். விலையை எழுதுங்கள். ஒரு நோட்டில் ஐந்து கோடு போட்டு, எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு, கையில் நின்ற லாபம் எவ்வளவு, பழைய வாடிக்கையாளர் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று ஞாயிறுதோறும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த ஐந்தாவது கோட்டைப் பாருங்கள். அதில் எண் கூடிக்கொண்டே வந்தால், லைக் எத்தனை என்று நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.